கண்டம் மேடமும் நாற்பத்திரண்டு இஞ்ச் பேண்டும்

நெய்வேலியில் எங்கள் பிளாக் முழுக்கத் தேடினாலும் ஒரு வீட்டிலும் கரித்துணி கிடைக்காதபடி செய்த ஒரே ஜீவன் கண்டம் மேடம்தான். அடுப்பிலிருந்து சட்டியை இறக்க எங்கள் வீடுகளில் செய்தித்தாளைத்தான் மடித்துப் பிடிப்பார்கள். பழந்துணி என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதையே மேடம் ஒப்புக்கொள்ளவில்லை.

அவருக்குச் சுரங்கத்தின் ஸ்டோர்ஸில் வேலை. அங்கே தேய்ந்த பேரிங்கைத் திருப்பிக் கொடுத்தால்தான் புது பேரிங் கிடைக்கும். இனி உதவாது என்று ஒரு பொருளை ஒதுக்குவதற்குப் பெயர் கண்டம் பண்ணுவது. அதற்கு மூன்று பேர் கொண்ட கமிட்டி கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் இந்தச் சட்டங்களை ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். மேடம் சைக்கிள் கேரியரில் வைத்துக் குவார்ட்டர்ஸுக்கே கொண்டுவந்துவிட்டார்.

வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம், தானே உட்கார்ந்து படித்து செல்போனில் ஒரு ஆப் தயாரித்தார். பிளாக்கிலுள்ள ஒவ்வொரு சட்டைக்கும் பேண்டுக்கும் சேலைக்கும் ஒரு நம்பர், உள்பக்கம் தைத்த ஒரு க்யூஆர் சதுரம். ஸ்கேன் செய்தால் அந்தத் துணியின் ஜாதகமே வந்து நிற்கும். கிழிந்ததை விரித்துப் போட்டோ எடுத்தால், துண்டு மிச்சம் விழாமல் என்னென்ன வெட்டலாம் என்று போனே கோடு போட்டுக் காட்டும். வளையமாதேவிப் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் கைவிட்டுப் போனபின் தையல் கற்றுக்கொண்ட ஸ்டெல்லாவும் இன்னும் இரண்டு பெண்களும் மேடம் வீட்டு முன்னறையில் அதைத் தைத்துத் தருவார்கள். முதல் துணியாக வீட்டுக்காரரின் சட்டைகளையே ஆப்பில் ஏற்றிப் பள்ளிக்கூடப் பைகளாக்கிவிட்டார் மேடம். "கொஞ்சங்கூடக் கலங்கல பாருங்க" என்று பிளாக்கே பேசிக்கொண்டது. நானும் பேசினேன்.

அவர் கண்ணுக்கு ஆள் தெரியாது, துணிதான் தெரியும். ஒருநாள் நான் நின்றுகொண்டிருக்கும்போதே என் சட்டையைப் போட்டோ எடுத்தார்.

"சார், இதுல நாலு தலகாணி உறை வருது."

"மேடம், உள்ளே நான் இருக்கேனே!"

"அவசரமில்லைங்க. நீங்க வெளிய வந்த பிறகு சொல்லுங்க."

போதாததற்கு ஸ்டெல்லாவோடு என்னையும் தன் கமிட்டியில் சேர்த்துவிட்டார். ஒரு கால்மிதியைக் கண்டம் பண்ணலாமா என்று முக்கால் மணி நேரம் விவாதித்திருக்கிறோம். கடைசியில் கால்மிதி பிழைத்துக்கொண்டது.

என் மூத்த மகளுக்குப் பண்ருட்டியில் நிச்சயதார்த்தம். ஒன்பதரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். முன்பு ஒருமுறை நாங்கள் தாமதமாகப் போனதற்கே சம்பந்தம் வேண்டாம் என்கிற அளவுக்கு வந்தவர் மாப்பிள்ளையின் அப்பா. ஏழரை மணிக்கு ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக் காரில் வைத்தேன். பேண்ட் பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது.

"பண்ருட்டிக்கே பலாப்பழம் கொண்டுபோற ஆளுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி.

வேட்டி கட்டலாமே என்பீர்கள். என் இடுப்பில் வேட்டி நிற்காது. என் கல்யாணத்திலேயே, இரண்டாவது சுற்றில்... அது கிடக்கட்டும். மிச்சமிருந்தது காக்கி யூனிஃபார்ம் மட்டும். லுங்கியைப் பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு மேடம் வீட்டுக்கு ஓடினேன்.

அவர் ஆப்பைத் தட்டினார். "நாப்பத்திரண்டு இஞ்ச். ஸ்டாக்ல ஒண்ணே ஒண்ணு இருக்கு."

"புண்ணியமாப் போகும், குடுங்க மேடம்!"

"முடியாதுங்க. உங்க பேர்ல ரிட்டர்ன் பெண்டிங். ஆடியில புதுசு வாங்கினீங்களே, பழைய பிரவுன் பேண்ட் எங்க?"

அது என் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து நீட்டினேன். ஸ்டெல்லா அதை இரண்டு விரலால் தூக்கினார்.

"இன்னா சார், நீங்களே இப்படித் தொடச்சிகினு இருந்தா நாங்க எத வச்சித் தைக்கறது?"

"கண்டம் பண்ணிடலாம்! இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"நீங்க போடக் கூடாதுங்க" என்றார் மேடம். "தப்பு பண்ணவரு கமிட்டியில உக்கார முடியாது. மூணாவது ஆளக் கொண்டாங்க."

மணி எட்டே கால். பால் பாக்கெட்டோடு போய்க்கொண்டிருந்த கணக்கு வாத்தியாரைத் தெருவில் மடக்கி இழுத்துவந்தேன். எண்ணெய்ப் பேண்டையும், லுங்கிமேல் பெல்ட்டோடு நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தவர், "இதுல எதைக் கண்டம் பண்ணணும்?" என்று கேட்டார்.

மூவரும் போனில் விரலால் கையெழுத்திட்டார்கள். மேடம் உள்ளே போய், பீரோவிலிருந்து மடிப்புக் கலையாத சாம்பல் நிறப் பேண்ட் ஒன்றை எடுத்துவந்தார். "சீக்கிரம் கிளம்புங்க" என்று மட்டும் சொன்னார்.

ஒன்பது இருபதுக்குப் பண்ருட்டியில் இருந்தோம். மாப்பிள்ளையின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். தட்டு மாறியது.

சாயங்காலம் பேண்டைக் கழற்றி மாட்டும்போது, சும்மா அந்தச் சதுரத்தை ஸ்கேன் செய்தேன்.

'முதலில் உடுத்தியவர்: வீட்டுக்காரர். கடைசியாக உடுத்தியது: நம் பெண்ணின் நிச்சயதார்த்தம். நிலை: ரிசர்வ். யாருக்கும் தரக் கூடாது.'

அதன் கீழே, அன்று காலை சேர்த்த ஒரு வரி: 'தரப்பட்டது. ரிட்டர்ன் வேண்டாம்.'

கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். கலங்கவில்லை என்று பேசிய வாய்தானே இது.

மேடம் ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஆப் இப்போது ஸ்டெல்லாவின் பொறுப்பு. போன வாரம் போனும் கையுமாக வந்து நின்றார். அந்தப் பேண்ட் முட்டியில் நைந்துவிட்டதாம், வெட்டினால் இரண்டு பை தேறுமாம். கமிட்டியில் அவரும், மேடம் இடத்துக்கு வந்த கணக்கு வாத்தியாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. நான் மட்டும்தான் பாக்கி. நான் போடமாட்டேன்.