பேப்பர் மேல் மட்டும்

நாய் வளர்ப்பவரைப் பற்றி நான் எழுத வரவில்லை. அவர் உங்களையும் என்னையும் போல ஒரு மனிதர். நாய்க்குச் சோறு வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். நான் சொல்ல வந்தது முதன்முதலாக நாய்க்குட்டி வாங்கியவரைப் பற்றி. இந்த இனத்தை அடையாளம் காண்பது ரொம்பச் சுலபம். பேண்ட்டில் முழங்காலுக்குக் கீழே மெல்லிய முடி ஒட்டியிருக்கும், புறங்கையில் நாலைந்து கீறல் இருக்கும், பேச்சில் 'நான்' என்ற சொல் அடியோடு ஒழிந்து அந்த இடத்தில் 'நாங்க' குடியேறியிருக்கும்.

"நேத்து நாங்க நல்லாத் தூங்கினோம்" என்பார். "காலையிலதான் வயிறு கொஞ்சம் சரியில்ல." யாருடைய வயிறு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். விளக்கம் சரியாக நீங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது வரும்.

எங்கள் நில அளவை அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர் இப்படி ஒருவர். இருபத்தைந்து வருஷமாக ஊரார் நிலத்தை அளந்து, எல்லைக்கல் நட்டு, இரண்டு பக்கத்தாரிடமும் வசவு வாங்கி, எதற்கும் அசராதவர். டைப்பிஸ்ட் அம்மா வீட்டு நாய் ஆறு குட்டி போட்டது. பார்க்கப் போன இடத்தில் ஒரு குட்டி இவர் சட்டைப் பொத்தானைக் கடித்து இழுத்தது. மனிதர் கவிழ்ந்துவிட்டார்.

குட்டி வருவதற்குள் மூன்று புத்தகம் படித்து, நாற்பது வீடியோ பார்த்து, தன் வீட்டையே டேப் பிடித்து அளந்து வரைபடம் போட்டார். ஹாலில் குட்டி நடமாடலாம். படுக்கையறைக்குள் வரக் கூடாது. சோபா மேல் ஒருக்காலும் கூடாது. அது சிவப்பு மையில். வாஷிங் மெஷின் பக்கத்து மூலையில் நான்கடிக்கு மூன்றடி ஒதுக்கி, அங்கே பழைய பேப்பர் விரித்து, குட்டியின் இயற்கைக் கடன்கள் எல்லாம் அந்தப் பேப்பர் மேல்தான் என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு ஃபிரிஜ் கதவில் ஒட்டினார். குட்டியைத் தவிர வீட்டில் எல்லோரும் அதைப் படித்தார்கள்.

வாங்கிய மெத்தையில் குட்டி படுக்கவில்லை. அவருடைய பழைய ஷூவுக்குள் தலையை விட்டுப் படுத்தது. அறுபது பெயர் எழுதி, ஆபீஸில் எல்லோரிடமும் காட்டி ஒன்றைப் பொறுக்கினார். எல்லோரும் 'குட்டி' என்றே கூப்பிட்டார்கள். சோபா விதி மூன்றாம் நாள் போயிற்று. படுக்கையறை விதி ஐந்தாம் நாள். ஆறாம் நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் ஆபீஸ் வந்தார். கட்டிலில் குட்டி நடுவிலும் இவர் ஓரத்திலுமாம்.

"கொஞ்சம் தள்ளி விடக் கூடாதா சார்?" என்றேன்.

"தூங்கிட்டிருக்கு. எப்படித் தள்றது?"

கால்நடை மருத்துவருடன் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"டாக்டர், தும்முது."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

"எனக்கும்தான் தும்மல் வருது" என்று சொல்லி மருத்துவர் போனை வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட அவர் மனைவி ஒன்றை மட்டும் பொறுக்கவில்லை. குட்டி அந்த ஒரு மூலையை மட்டும் விட்டுவிட்டு வீடு முழுவதையும் நனைத்தது. அந்த அம்மா கணக்கு டீச்சர். கெடு வைத்தால் வைத்ததுதான்.

"முப்பது நாள் தர்றேன். முப்பதாவது நாள் தரையில ஒரு சொட்டு பார்த்தேன்னா, குட்டி வந்த வீட்டுக்கே போயிடும்."

அன்றிலிருந்து மனிதர் பாதியாகிவிட்டார். வீட்டில் மண்டி போட்டு உட்கார்ந்து பேப்பரைத் தட்டித் தட்டிக் காட்டுவாராம். "இங்க பாரு. இது மேலதான். அப்பா சொல்றேன்ல?" கல்லூரியில் படிக்கும் மகள் இதைப் பார்த்து, "என்கிட்ட ஒரு நாளாவது இவ்வளவு பொறுமையாப் பேசியிருக்கீங்களாப்பா?" என்று கேட்டாள். "நீ ஒரு தடவை சொன்னாலே கேட்டுடுவியேம்மா" என்றார். ஆபீஸில் என்னிடம், "கொண்டுபோய் விட்டுடச் சொல்லிடுவாங்களா சார்?" என்று கேட்டார். எனக்கே பாவமாகிவிட்டது.

முப்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். டீச்சர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டே தரையையும் பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஆள் பதற்றம் தாங்காமல், மறுநாள் மேலதிகாரிக்குக் கொடுக்க வேண்டிய வரைபடத்தை ஹால் நடுவில் விரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மேஜையில் அடங்காத பெரிய தாள். எப்போதும் தரையில் விரிப்பதுதான் அவர் வழக்கம். இரண்டு ஊர் சண்டை போடும் ஒரு வறண்ட வாய்க்காலின் படம் அது. மூன்று வாரம் வெயிலில் நின்று அளந்தது.

பதினோரு மணிக்குக் குட்டி ஷூவிலிருந்து எழுந்தது. சோம்பல் முறித்தது. வாஷிங் மெஷின் பக்கம் இரண்டடி போய், நின்று, திரும்பிப் பார்த்தது. அங்கே இருந்தது சின்னப் பேப்பர். இங்கே இருந்தது பெரிய பேப்பர். சொல்லிக் கொடுத்ததை மறக்காத குட்டி நேராக வந்து, வரைபடத்தின் நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றி, உட்கார்ந்தது. வாய்க்காலில் பல வருஷத்துக்குப் பிறகு தண்ணீர் ஓடியது.

டீச்சர் அம்மா எழுந்து வந்தார். கெட்டித் தாளின் ஓரத்தை மெதுவாகத் தூக்கி, அடியில் தரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"காஞ்சிருக்கு" என்றார்.

நான் நம் ஆளைப் பார்த்தேன். மூன்று வார உழைப்பு கண்முன் ஊறிக்கொண்டிருந்தது. அவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது.

"இவ்வளவு பெரிய ஹால்ல பேப்பரைத் தேடி வந்திருக்கு, பார்த்தீங்களா? என் தங்கம்."

"சரி, குட்டி பாஸ்" என்று சொல்லிவிட்டு டீச்சர் அம்மா அடுத்த விடைத்தாளை எடுத்தார்.

திங்கள்கிழமை அவர் மேலதிகாரியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். வேலை போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன். மேலதிகாரி, "எத்தனை மாசக் குட்டி?" என்று கேட்டு, தன் செல்போனை எடுத்து வரிசையாகப் படம் காட்ட ஆரம்பித்துவிட்டார். குட்டியை இந்த வயதில் தனியாக விடக் கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. எனவே வாய்க்காலை மறுபடி அளக்கப் போனது நான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நம் வீட்டில் நாயே கிடையாது என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். சட்டைப் பொத்தான் அறுபடும் வரை அவரும் அப்படித்தான் இருந்தார். அல்லது, தும்மலைப் பற்றிப் படித்தபோது உங்களுக்குச் சிரிப்பு வராமல், 'போன் பண்ணினது சரிதானே' என்று பட்டதா? படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தடவை நாற்காலிக்கு அடியில் எட்டிப் பார்த்தீர்களா? அப்படியானால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படித்து முடித்ததும் இந்தத் தாளை மேஜை மேல் வையுங்கள்.