வெட்டுக் குழுத் தலைவரும் உங்கள் மகனும்

களுவாஞ்சிக்குடி,
ஜனவரி 4.

அன்பும் மதிப்பும் மிகுந்த றஜனி மாமிக்கு,

உங்கள் மருமகள் எமிலி எழுதுவது. நாங்கள் இருவரும் முழுசாக இருக்கிறோம், கை காலில் ஒரு விரல்கூடக் குறையவில்லை. உங்கள் முழங்கால் நோவும் மாமாவின் சீனி வருத்தமும் இந்தப் புதுவருடத்தோடு தணிய வேண்டும் என்று மன்றாடுகிறேன். போனில் சொல்லக்கூடியதை இவள் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பீர்கள். போனில் என்றால் இடையில் நீங்கள் அழுவீர்கள், இடையில் நான் சிரித்துவிடுவேன். இரண்டும் நல்லதல்ல.

அன்று நான் சொல்லாமல் விட்டது நாலே நாலு சொல்: ‘அவர்கள் வெட்டப்போவது நம்மை அல்ல.’ அதை நேரத்தோடு சொல்லியிருந்தால், உங்கள் மகன் அன்ரோ உங்களுக்குப் போன் எடுத்து “ஐம்பது பேர் மம்மி, கையில ஆயுதம், போலீசும் சேர்ந்திருக்கு” என்று சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருக்க மாட்டீர்கள். “அந்த ஊருக்கு என் பிள்ளைய விடமாட்டேன்” என்று முடிவும் சொல்லியிருக்க மாட்டீர்கள். மூன்று வருடம் காத்திருந்து எனக்குக் களுவாஞ்சிக்குடியில் ஆசிரியர் நியமனம் கிடைத்ததும், அன்ரோவின் கம்பனி அவரை மட்டக்களப்புக் கிளைக்கு மாற்றச் சம்மதித்ததும், பதினைந்தாம் திகதிக்குள் நாங்கள் பதில் சொல்ல வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். உங்கள் வார்த்தையைத் தாண்டி அன்ரோ வரமாட்டார். ஆகவே என் வாழ்க்கை இப்போது நான் விழுங்கிய நாலு சொல்லில் தொங்குகிறது. அதைத் துப்பிவிடத்தான் இந்தக் கடிதம்.

முதலிலிருந்து சொல்கிறேன். பனி பெய்யும் நாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரச் சோடி வான் வண்டிக்குள் கட்டில் போட்டுக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் வெயிலுள்ள கடற்கரைகளைத் தேடிப் போகும் வீடியோக்களை அன்ரோ ஆவணியிலிருந்து பார்த்து வந்தார் அல்லவா, அதில் வரும் பெண் காலையில் வானின் பின்கதவைத் திறந்தால் நீலக்கடல் தெரியும், அவள் கோப்பியோடு காலை நீட்டிக்கொண்டு புத்தகம் வாசிப்பாள், உனக்கும் அப்படித்தான் எமி என்று அவர் சொன்னபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. உங்கள் வத்தளையில் குளிர்காலம் என்பது மாமா விடியற்காலையில் ஃபேனை ஒரு நம்பர் குறைப்பதுதான் என்பதை நான் எடுத்துக் காட்டவில்லை. ஆனால் டிசம்பரில் கிழக்கில் மாரிமழை என்பதை மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் “கடல்னா வெயில்தானே எமி” என்று பதில் வந்தது. அவர் சிநேகிதனிடம் வாங்கிய டொல்பின் வானுக்குள் பலகைக் கட்டில் அடித்து, நீங்கள் தைத்துத் தந்த சூரியகாந்திப் பூ திரைச்சீலையை மாட்டி, இருபத்தேழாம் திகதி நாங்கள் புறப்பட்டதை நீங்களே கேற்றடியில் நின்று பார்த்தீர்கள். வெயில் அந்தக் கேற்றடியிலேயே நின்றுவிட்டது.

வாகரையில் இரண்டு நாள் மழை. பின்கதவைத் திறந்ததும் கடல் தெரிந்தது, உண்மைதான், ஆனால் அது கதவடிக்கே வந்திருந்தது. பலகைக் கட்டில் ஈரத்தில் ஊதியதால் திறந்த கதவு பிறகு சாத்தவில்லை, கயிற்றால் கட்டினோம். குடைக்குக் கீழே காஸ் அடுப்பை வைத்து நான் முட்டை பொரித்தபோது குடை பறந்தது, அதைப் பிடிக்க அன்ரோ ஓடினார், முட்டையைக் காகம் கொண்டுபோனது. பாசிக்குடாவில் சிவப்புக் கொடி கட்டி, கடலில் இறங்காதே என்று எழுதியிருந்தார்கள். எங்களைத் தவிர அங்கே நாலு ஆடுகள் மட்டும் நின்றன, அவையும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஓட்டமாவடியில் தேத்தண்ணீர் குடிக்க இறங்கியபோது கடைக்கார றிஷாட் நானா வானைச் சுற்றிப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார், பிறகு அன்ரோவைப் பார்த்தார்.

“எங்க போறீங்க தம்பி?”

“பீச் பார்க்க.”

“இந்த மாரியிலயா? இது நாம கடலப் பாக்கப் போற காலமில்ல மச்சான், கடல் நம்மளப் பாக்க வாற காலம்.”

என்றாலும் நல்ல மனிதர். கடைக்குப் பின்னாலிருந்து ஒரு நீலத் தறப்பாளை எடுத்து வந்து வானின் கூரையில் தானே ஏறிக் கட்டிவிட்டு, “மகள், இவர வடிவாப் பாத்துக்கங்க” என்று என்னிடம்தான் சொன்னார்.

ஆறாம் நாள், அதாவது முதலாம் திகதி, களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே போய்க்கொண்டிருந்தபோது மழை விட்டு உண்மையாகவே வெயில் எறித்தது. அன்ரோவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மாமி. வீதியை விட்டு இறங்கிக் கடற்கரைப் பக்கம் போனால், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, நடுவில் நீளமாக ஒரு வெள்ளை மணல்மேடு, வீடில்லை, ஆளில்லை. “பார்த்தியா, நமக்குன்னே விட்டு வச்சிருக்காங்க” என்று சொல்லி நடுமேட்டில் கொண்டுபோய் வானை நிறுத்தினார். அந்த இடத்தில் இரண்டு கம்புகள், நுனியில் சிவப்புத் துணியோடு, பத்துப் பன்னிரண்டு அடி இடைவெளியில் நட்டிருந்தார்கள். வான் சரியாக அவற்றுக்கு நடுவே நின்றது. துணிக்கொடி கட்ட இதைவிட நல்ல கம்பு கிடைக்குமா என்று சொல்லி, அவர் அவற்றில் கயிறு கட்டி, ஆறு நாள் காயாத எங்கள் துணி முழுவதையும் காயப்போட்டார்.

அது எந்த இடம் என்று அந்தப் பக்கத்துப் பிள்ளையான எனக்குத் தெரியும். ஆறு என்று நாங்கள் சொல்வது வாவியைத்தான். மாரியில் எல்லாப் பக்கத்து மழைத்தண்ணீரும் அதற்குள் வந்து சேரும். கோடையில் அலை கொண்டுவந்து கொட்டிய மணல் அதன் வாயைக் கடல் பக்கம் அடைத்துக்கொண்டு கிடக்கும். ஆறு நிரம்பி முட்டினால் தண்ணீர் பின்னால் ஏறி வயல்வட்டைகளை மூடிவிடும், மூன்று நாள் மூடிக் கிடந்தால் பயிர் அழுகிப்போகும். அதனால் ஊரே மண்வெட்டியோடு வந்து அந்த மணல்மேட்டை வெட்டி, ஆற்றைக் கடலுக்குள் விடும். ஆற்றுவாய் வெட்டுவது என்று பெயர். வருடா வருடம் நடப்பதால் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை. ‘வெட்டு’ என்றால் எல்லோருக்கும் விளங்கும். வத்தளைக்கு மட்டும் விளங்காது. இடத்தை மாற்றுவோம் என்று நான் வாயெடுத்தேன். “ஆறு நாளா குறைதான் சொல்றே எமி, ஒரு மணித்தியாலம் சும்மா இரேன்” என்றார். நான் சும்மா இருந்தேன். அது கோபம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பின்னேரம் நாலு மணியிருக்கும். சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் தோளில் மண்வெட்டியோடு மேட்டில் ஏறி வந்தார். ஐம்பது வயது, நல்ல உயரம், பெயர் கோணாமலை என்று பிறகு அறிந்தேன். அவர் முதலில் கம்பைப் பார்த்தார். பிறகு கம்பில் தொங்கிய அன்ரோவின் பெனியனைப் பார்த்தார்.

“தம்பி, இஞ்ச நிக்க ஏலா. விடிய வெட்டுறம்.”

அன்ரோ தினமும் காலையில் போனில் செய்தி வாசிப்பவர், அதிலும் வாள்வெட்டுச் செய்தி என்றால் கடைசி வரிவரை வாசிப்பவர். “என்னாது?” என்றார்.

“வெட்டுறம் எண்டன். நான்தான் வெட்டுக் குழுத் தலைவர்.”

“எத்தனை பேர்?”

“அம்பது பேர் வருவம். போன வருசமும் இந்த இடத்திலதான் வெட்டின.”

“போலீசுக்குத் தெரியுமா?”

“தெரியாமலா? பொலிசும் வந்து நிப்பாங்க. கிராம சேவகர் வருவார். ஐயர் பூச வெப்பார். மொத வெட்டு பிரதேச செயலாளர் மேடம்தான். ஒரு வெட்டுப் போட்டுப் படமெடுத்துட்டுப் போயிருவா, மிச்சத்த நாங்க பாத்துக்குவம்.”

அன்ரோவின் நிறம் மாறியது. கோணாமலை அண்ணன் பாவம், விபரம் கேட்கிற பிள்ளை என்று நினைத்து ஆசையாக விளக்கினார். “சின்னதா ஒரு வெட்டுப் போதும் தம்பி. பொறகு தானாப் பிச்சிக்கிட்டுப் போயிரும். பின்னேரம் பாத்தா அடையாளமே இருக்காது, எல்லாத்தையும் கடல் கொண்டு போயிரும்.”

இந்த இடத்தில்தான் நான் அந்த நாலு சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும். வாயும் திறந்தேன். ஆனால் அதற்குள் உங்கள் மகன் எனக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று, “அவளை விட்டுடுங்க. வேணும்னா என்னை வெட்டுங்க” என்றார். மாமி, நான் நிறையப் புத்தகம் வாசித்தவள். இப்படிச் சொல்லும் ஆண்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன். அவர்கள் குதிரையில் வருவார்கள், இல்லையென்றால் கப்பலில். அரைக் காற்சட்டையோடு, தோளில் ஈரத்துவாயோடு, குரல் நடுங்க நடுங்க யாரும் சொன்னதில்லை. எனக்காக யாரும் சொன்னதும் இல்லை. என் தொண்டையில் நாலு சொல்லும் அப்படியே நின்றுவிட்டன. கடல் இரைச்சலில் கோணாமலை அண்ணனுக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் கேட்டது.

“ஓம் தம்பி, வெட்டத்தானே போறம். அவசரப்படாதீங்க. மொதல்ல வான எடுங்க.”

வானை எடுக்கப் போனால் நாலு சில்லும் மணலுக்குள். அன்ரோ என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு (சாத்தாத கதவு அன்று மட்டும் சாத்திக்கொண்டது) அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வான் இன்னும் புதைந்தது. இதைப் பார்த்த கோணாமலை அண்ணன் கரையைப் பார்த்துக் கை தட்டி, “டேய், எல்லாரும் மம்பட்டிய எடுத்துக்கிட்டு ஓடி வாங்கடா!” என்று கூப்பிட்டார். விடிய வேலைக்கென்று கரையில் வந்து சேர்ந்திருந்த முப்பது பேர் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். அன்ரோ என் தலையைப் பிடித்துச் சீற்றுக்குக் கீழே அமுக்கி அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினார். அவர்கள் சில்லைச் சுற்றி வெட்டினார்கள். பிறகு “ஏலேலோ” போட்டு வானைத் தள்ளினார்கள். சில்லு எழும்பியதுதான் தாமதம், அவர் பறந்தார். கொடிக்கயிறு வானில் சிக்கி, இரண்டு கம்பையும் பிடுங்கிக்கொண்டு, என் சட்டைகளும் அவருடைய பெனியனும் மணலில் இழுபட எங்கள் பின்னால் வந்தன. இனி அடையாளமில்லாமல் எங்கே வெட்டுவது? முப்பது பேரும் உண்மையாகவே துரத்தினார்கள். “கம்பு! கம்ப வெச்சிட்டுப் போ மனே!” என்று கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அன்ரோவுக்கு ‘வம்பு’ என்று கேட்டதாம்.

என் பெரியம்மாவின் மகன் ஹெக்டர் அண்ணன் வீட்டு வாசலில்தான் வான் நின்றது. அங்கிருந்துதான் அவர் உங்களுக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. பிறகு சமையலறையில் ஹெக்டர் அண்ணனிடம் மெல்லச் சொன்னேன். அவர் அம்மிக் குழவியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார். “ஆத்துவாய்க்குப் பதிலா வெட்டுப்பட வந்த மொத மனிசன் உன்ட புருசன்தான் புள்ள” என்றார். கம்பு இரண்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு அன்றே போய்க் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் விடிய வெட்டினார்கள். மத்தியானத்துக்குள் வட்டைகளில் ஒரு முழம் தண்ணீர் இறங்கிவிட்டது. வெட்டுக் குழு செய்த குற்றம் இவ்வளவுதான்.

அன்ரோவிடம் முதலில் சொல்லாமல் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவரிடம் சொன்னால், வெட்கத்தில் அவர் உங்களிடம் ஒருபோதும் சொல்ல மாட்டார். உங்கள் முடிவும் அப்படியே கிடக்கும். இந்த ஊர் உங்கள் மகனைத் துரத்தவில்லை மாமி, தள்ளிவிட்டது, அதுவும் அவர் புதைந்து கிடந்ததால். எங்களை இங்கே இருக்க விடுங்கள். அவரை ஏமாற்றியதற்காக என்னைக் கோபியுங்கள், அது நியாயம். ஆனால் அவர் அந்த வசனத்தைச் சொன்ன பிறகு, அது தேவையில்லாத வசனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாமாவுக்கு என் அன்பு. இரவில் காலைத் தலையணையில் உயர்த்தி வைத்துப் படுங்கள். உங்கள் இருவருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் நல்ல நித்திரையும் தர வேண்டும் என்று வேண்டும்,

உங்கள் மருமகள்,
எமிலி.

பி.கு. (மாசி மாதம் எழுதியது): இதை உறையில் போட்டு விலாசமும் எழுதி, தபாற்கந்தோருக்குப் போகச் செருப்பைப் போட்டபோது நீங்கள் போன் எடுத்தீர்கள். மூன்று நாளாக நித்திரையில்லை, கிடைத்த வேலையை விடச் சொல்லி ஒரு பெண்பிள்ளையிடம் கேட்பது பாவம் என்று மாமாவும் சொல்கிறார், என்றீர்கள். “சரி, அங்கயே இருங்க. ஆனா அப்படிப்பட்ட ஆளுங்க நடுவுல உங்க ரெண்டு பேரையும் தனியா விடமாட்டேன். நாங்களும் வர்றோம்” என்றீர்கள். நான் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, “வாங்க மாமி” என்றேன். கடிதத்தை அனுப்பவில்லை. அன்ரோவிடமும் சொல்லவில்லை. பெப்ரவரி முதலாம் திகதி நீங்களும் மாமாவும் பதினொரு பெட்டியோடு வந்து இறங்கினீர்கள். இப்போது நாலு பேரும் களுவாஞ்சிக்குடியில் இருக்கிறோம்.