அப்பாவின் காருக்கு ஒரு சிவப்பு மூக்கு

எட்டு மாத ஓட்டுநர் உரிமமும் வேகமான இணைய இணைப்பும் ஒரே ஆளிடம் சேரக்கூடாது. சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக் முழுக்கச் சாட்சிகள் இருக்கிறார்கள்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. (வேலை பார்க்கிறேன் என்று மேனேஜர் நம்பிக்கொண்டிருந்தார். பாதி நேரம் நான் பார்த்தது கார் வீடியோ.) அப்பா சுரங்கத்தில் பம்ப் செக்‌ஷன். நிலக்கரிக்கு அடியில் ஊறும் தண்ணீரை ராப்பகலாக இறைத்து வெளியே தள்ளாவிட்டால் சுரங்கம் குளமாகிவிடும். அந்தத் தள்ளுகிற வேலையை மூன்று ஷிஃப்டிலும் மாறிமாறி முப்பத்தைந்து வருஷம் பார்த்தவர். அந்த நவம்பர் கடைசியில் அவருக்கு ரிடையர்மென்ட்.

ஓய்வு பெறுகிறவரை மாலை மரியாதையோடு, மேளம் முழங்க, காரில் உட்கார வைத்து குவார்ட்டர்ஸ் வரை கொண்டுவந்து விடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். அன்றைக்கு நான்தான் ஓட்டுவேன் என்று அடம்பிடித்துச் சம்மதம் வாங்கிவிட்டேன். ஆனால் எங்கள் வெள்ளைக் காருக்கு வயசு பத்து. அப்பா வேலைக்கு மொபெட்டில்தான் போவார். கார் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும். கிளப்பும்போதெல்லாம் இருமும். இருமுகிற வண்டியிலா அப்பாவைக் கூட்டிவருவது என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் ஒரு பரிசு தயார் செய்தேன். புது ஏர் இன்டேக்.

அதாவது இஞ்ஜினுக்கு மூக்கு. காரோடு வருவது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் ஒரு காகித ஃபில்டர், அவ்வளவுதான். அதைக் கழற்றிவிட்டு வேறு போட்டால் இஞ்ஜின் தாராளமாக மூச்சு விடும், வண்டி சிங்கம் மாதிரி உறுமும் என்று வீடியோவில் ஒருவர் சத்தியம் செய்தார். மூன்று வாரம் ஆராய்ந்தேன். கல்லூரியில் என்ன படிப்பது என்று இதில் பாதிகூட யோசித்ததில்லை. அதே பெட்டிக்குள் கழுவிக் கழுவிப் போடும் ஃபில்டர் ஒன்று இருந்தது. வெளியே தெரியாது என்பதால் தள்ளிவிட்டேன். பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கூம்பு ஃபில்டர் ஒன்று. அது இஞ்ஜின் சூட்டையே திரும்ப இழுக்கும், நெய்வேலி வெயிலுக்கு ஆகாது என்று தீர்ப்பளித்தேன். கடைசியில் தேர்ந்தெடுத்தது ஒரு நீளமான குழாய். முன் பம்பருக்குப் பின்னால் தரைக்குக் கிட்டே வரை இறங்கி, அங்கே இருக்கும் குளிர்ந்த காற்றை இழுக்கும். நுனியில் ஃபில்டர். அதற்கு மழை உறை போட்டுத் தரவா, இல்லை சிவப்பு நிறத்தில் தரவா, இரண்டில் ஒன்றுதான் என்று விற்றவர் கேட்டார்.

சிவப்பு என்றேன்.

மாட்டிக் கொடுத்த மெக்கானிக் செல்வம் அண்ணன், இவ்வளவு கீழே வாய் வைத்தால் மழைக்காலத்தில் சிரமம் என்று மெதுவாகத்தான் சொன்னார். ஒரு வாளித் தண்ணீருக்குள் முக்கினால்தான் ஆபத்து என்று நான் அவருக்கு ஒரு வீடியோவைக் காட்டினேன். முப்பது வருஷமாக இஞ்ஜினைக் கழற்றி மாட்டுகிறவர் அதை முழுசாகப் பார்த்துவிட்டு, போனை என்னிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். வீட்டு வாசலில் வண்டியை உறுமவிட்டபோது அம்மா எட்டிப்பார்த்து, மிக்ஸியை மூடி போடாமல் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்றாள்.

அந்த நாளும் வந்தது. மத்தியானம் வரை பேய் மழை, மூன்று மணிக்கு விட்டுவிட்டது. செக்‌ஷன் ஆபீஸில் சால்வை, உரை, லட்டு, காராபூந்தி எல்லாம் முடிந்து, மாலையும் கழுத்துமாக அப்பா முன் சீட்டில் ஏறினார். அம்மா பின்னால். மேளக்காரர்கள் முன்னே ஒரு மினி வேனில். பின்னே பம்ப் செக்‌ஷனே இருசக்கர வண்டிகளில். சாவியைத் திருப்பியதும் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு, எங்கேயோ பேரிங் போயிருக்கிறது என்றார். நான் புன்னகைத்தேன். (அந்தப் புன்னகையை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையத் தோன்றும்.)

டவுன்ஷிப்புக்குள் திரும்புகிற இடத்தில் சாலை கொஞ்சம் பள்ளம். மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. வேன் உயரமான வண்டி, போய்விட்டது. பைக்குகள் ஓரமாக ஊர்ந்தன. நானோ, கூட்டம் பார்க்கிறது, சிங்கம் உறுமட்டும் என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். தண்ணீர் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி எழுந்தது. உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். சிங்கம் படுத்துவிட்டது.

மறுபடி சாவியில் கை வைத்தபோது ஆறுமுகம் மாமா கண்ணாடியைத் தட்டினார். பக்கத்துக் கம்மாபுரத்துக்காரர், அப்பாவோடு இருபது வருஷம் ஒரே ஷிஃப்ட்.

"பாப்பா, சாவிய திருப்பாத. வண்டி தண்ணி குடிச்சிகினு நிக்குது. இன்னொருவாட்டி திருப்புன, உள்ள கம்பியெல்லாம் வளைஞ்சி பூடும்."

அப்பா இறங்கினார். கெண்டைக்கால் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலையோடு பானெட்டைத் திறந்தார். பழைய பெட்டி இல்லை. பளபளக்கும் குழாய் ஒன்று மேலிருந்து புறப்பட்டு, வளைந்து, நேராகத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. அடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. மேளம் நின்றுவிட்டது. பம்ப் செக்‌ஷனில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள்.

"உங்களுக்குக் கிஃப்டுப்பா" என்றேன். அழுகை வந்துவிட்டது. ஒரே ஒரு நாள் அவருக்கென்று வந்தது. அதையும் நான் நடுத்தெருவில் மூழ்கடித்துவிட்டேன்.

அப்பா குழாயை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப்பார்த்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்.

"முப்பத்தஞ்சு வருஷமா தண்ணிய வெளிய தள்ளத்தான் குழா போட்டிருக்கேன். உள்ள இழுக்க ஒரு குழாய இன்னிக்குத்தாம்மா பாக்குறேன்."

முதலில் ஆறுமுகம் மாமாதான் சிரித்தார். பிறகு மொத்த செக்‌ஷனும். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. என் தலையில் கை வைத்து, தண்ணீர் உள்ளே போனதற்கு அழாதே, அதை எடுக்கத் தெரிந்தவர்கள் முப்பது பேர் இங்கேயே நிற்கிறோம் என்றார்.

வேறு கார் கொண்டுவரலாம் என்று யாரோ சொல்ல, ஆறுமுகம் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணன வூடு வரைக்கும் தள்ளிகினே போலாம்" என்றார்.

தள்ளினார்கள். அப்பாவும் தள்ளத்தான் வந்தார். பிடித்து உள்ளே ஏற்றிவிட்டார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசடு வழிந்துகொண்டிருந்தேன். மேளம் இரண்டு மடங்கு வேகத்தில் ஆரம்பித்தது. வண்டி நடக்கிற வேகத்தில் போனதால் ஒவ்வொரு குவார்ட்டர்ஸிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து, ஜன்னலுக்குள் கைவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துப் பேசினார்கள். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் இரண்டு முழம் கொடுத்துவிட்டுப் போனார். பத்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய ஊர்வலம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. வாசலில் ஆரத்தி எடுக்கும்போது அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அப்பா ராஜா மாதிரி இறங்கினார்.

இஞ்ஜின் பிழைத்துக்கொண்டது. செல்வம் அண்ணன் தண்ணீரை வடித்து, காயவைத்து, பழைய கறுப்புப் பெட்டியையே மாட்டிவிட்டார். சிவப்பு மூக்கைத் துடைத்து, அன்றைக்குப் போனைத் திருப்பிக் கொடுத்த அதே மரியாதையோடு என் கையில் கொடுத்தார். அதுதான் பெரிய தண்டனை.

அடுத்த மாதம் செக்‌ஷனில் இன்னொருவர் ரிடையர் ஆனார். அவருடைய கார் புத்தம் புதுசு. பிளாக் முனை வந்ததும் அவரே இஞ்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தாராம். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை, இறங்கித் தள்ளினார்கள். அதற்கப்புறம் அது வழக்கமாகவே ஆகிவிட்டது.

என் கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்தபோதும் முனையில் வண்டி நின்றது. பம்ப் செக்‌ஷன் தயாராகக் காத்திருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் மாமனார் ஒன்றும் புரியாமல், இது உங்கள் ஊர்ச் சம்பிரதாயமா என்று அப்பாவிடம் விசாரித்தார்.

"ஆமாங்க" என்றார் அப்பா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். "எங்க பொண்ணுதான் ஆரம்பிச்சு வச்சா."

மாமனார் பயபக்தியோடு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, வண்டியின் பின்னால் கை வைத்தார்.