முதலில் உள்ளே போன தையல் மெசின்

உங்கள் வீட்டில் உடைந்த மின்விசிறி ஒன்று கிடக்கிறதா, இல்லையா? மழுப்ப வேண்டாம். கிடந்தால், 'கிடக்கட்டும்காரர்' என்ற இனத்தோடு உங்களுக்கு ஏதோ ஒரு வகையில் உறவு இருக்கிறது. இந்த இனத்தவர் எதையும் வீசமாட்டார்கள். கையில் எடுப்பார்கள், திருப்பிப் பார்ப்பார்கள், தூசி தட்டுவார்கள், பிறகு "கிடக்கட்டும்" என்பார்கள். அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பொருளை வீட்டைவிட்டு எழுப்ப யாராலும் ஏலாது.

ஓர்ஸ் ஹில்லில் குடியிருந்த தவராசா இந்த இனத்தின் நல்ல மாதிரி. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, உப்புவெளியில் சொந்த வீடு திருத்தி முடியும்வரை, அதன் பக்கத்திலேயே இரண்டு அறைக்குள் ஒடுங்க வேண்டிய நிலை அவருக்கு. மிச்சச் சாமான்களுக்கென்று, துறைமுகப் பக்கத்தில் பழைய களஞ்சியத்தை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விடும் பஹ்மியிடம் ஓர் அறை பிடித்திருந்தார்.

சாமான் கட்டியது அவர் மனைவி சுலோஜனா. மேற்பார்வை தவராசா. அதாவது, மூடியில்லாத டப்பாக்களையும் டப்பாவில்லாத மூடிகளையும், எந்தப் பூட்டுக்கும் சேராத திறப்புகளையும், ஓடாத மணிக்கூடுகளையும், பதினொரு வருடக் கலண்டர்களையும் அவள் குனிந்து குனிந்து பெட்டிகளில் அடுக்க, அவர் கதிரையில் இருந்தபடி ஒவ்வொரு பெட்டியின் மேலும் 'பலதும்' என்று அழகான எழுத்தில் எழுதினார். பதினாறு பெட்டி. பதினாறிலும் 'பலதும்'.

"இஞ்சருங்கோ, கால் முறிஞ்ச கதிரை எதுக்கு?"

"மற்ற மூண்டு காலும் நல்லாத்தானே கிடக்கு."

சுலோஜனா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தையல் மெசின் லொறியிலேயே இருக்கட்டும், களஞ்சியத்தில் இறக்காமல் நேரே உப்புவெளிக்கு வரட்டும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத் தவணை தொடங்குகிறது. பன்னிரண்டு பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைத் துணி வெட்டியபடி அவளிடம் இருந்தது. அன்று சனிக்கிழமை.

"ஓம், ஓம்" என்றார் தவராசா. அவள் பழைய வீட்டைக் கூட்டிக் கழுவித் திறப்புக் கொடுக்க நின்றுவிட்டாள்.

ஒன்பது மணிக்கு இராகு காலம் தொடங்கும். களஞ்சியத்துக்கு லொறி வந்தபோது எட்டு ஐம்பது. புது இடத்துக்குள் முதலில் போகிற பொருள் உழைக்கிற பொருளாக இருக்க வேண்டாமா? அந்த லொறியில் உழைக்கிற பொருள் ஒன்றே ஒன்றுதான். தவராசா தையல் மெசினுக்குக் குங்குமம் வைத்து, வலது காலை முன்வைத்து, லொறி ஆட்களைக் கொண்டு அறையின் கடைசிச் சுவரோரம் வைப்பித்தார். பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்தார். பிறகு கலண்டர்கள் போயின. பெட்டிகள் போயின. மூன்று கால் கதிரை போயிற்று. அந்தப் 'பிறகு' அவற்றுக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டது.

பத்து மணிக்குச் சுலோஜனா வந்தாள். வெறும் லொறியைப் பார்த்தாள். அறையைப் பார்த்தாள். கூரைவரை 'பலதும்'.

"மெசின் எங்க?"

"உள்ளதான். பத்திரமாக் கிடக்கு."

"வெளியில எடுங்கோ."

"இராகு காலம் முடிய இன்னும் அரை மணித்தியாலம் இருக்கு, சுலோ."

"ராகுவுக்குத் திங்கக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளையளுக்கு இருக்கு."

பஹ்மி தொண்டையைச் செருமினார். "சேர், லொறிக்காரன் ஆக்களோட போயிடுவான். இப்பவே தொடங்குங்க. வெளிய வந்த சாமான் எல்லாம் திரும்ப உள்ள போகணும் எண்டும் ஒரு சட்டம் இல்ல."

வாசலில் கதிரையைப் போட்டு இந்த முறை சுலோஜனா இருந்தாள். தவராசா சுமந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: "இதுக்குள்ள என்ன?" எழுதியவருக்கே தெரியவில்லை. தெரியாதவை இடப்பக்கம் போயின. இடப்பக்கத்தில் பழைய இரும்பு எடுப்பவரின் முச்சக்கர வண்டியைப் பஹ்மி ஏற்கெனவே மறித்து வைத்திருந்தார்.

மெசின் வெளியே வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. சுலோஜனா முதலில் செய்த வேலை, ஈரத்துணியால் அந்தக் குங்குமத்தை அழுத்தித் துடைத்ததுதான். வெள்ளைத் துணியில் பட்டால் போகாது.

பெண்ணின் உழைப்புக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுவதும், பிறகு அதை நம் குப்பையால் மூடுவதும், அதற்குப் பெயர் பக்தி என்பதும் தவராசா ஒருவரின் பழக்கம் மட்டுமா? இதை வாசிக்கும்போது 'எங்கட வீட்டில அப்படி இல்லை' என்று சொல்லிக்கொண்டீர்கள் அல்லவா, அப்படிச் சொன்ன கணத்தில் நீங்கள் இருந்தது எந்தக் கதிரையில், கையில் இருந்த தேத்தண்ணீர் யார் போட்டது?

எழும்புங்கள். அந்த மின்விசிறியை வாசலுக்குக் கொண்டுபோய் வையுங்கள். நேரம் பார்க்க வேண்டாம். யாரையும் கூப்பிடவும் வேண்டாம், நீங்களே தூக்குங்கள்.