மெம்பர் குழந்தைவேலு கை தூக்கிய விவரம்

சுங்கை லாலாங்,
ஐப்பசி மாதம்.

பண்டார் பாரு தபால் ஆபீசில் முத்திரை குத்தும் உத்தியோகத்தில் ஓகோவென்று விளங்கும் என் தங்கை மகன், மாப்பிள்ளை அழகேசனுக்கு, உன் தாய்மாமன் பழனியாண்டி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அத்தை காளியம்மாவும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கு நீயும் என் தங்கை மருதம்மாளும் சுகமாயிருக்க வேண்டி ஒரு தேங்காய் உடைத்தேன். நல்ல காய், அழுகல் இல்லை.

முதலில் ஒரு சங்கதி. இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். என் பெரியப்பா மகன் குழந்தைவேலு ஒருநாள் கோட்டு மாட்டுவான், டவுன் போர்டில் மெம்பர் ஆவான், வெள்ளைக்காரனோடு ஒரே மேசையில் உட்காருவான் என்று ஊரிலிருந்து இந்த நாட்டுக்குக் கப்பலில் வரும்போதே, அவன் வாளியைக் கட்டிப்பிடித்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்த சமயமே, அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவனுக்கு ஞாபகம் இல்லையாம். வாந்தி எடுக்கிறவனுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

அவன் மகள் நவமணியை உனக்குப் பேசி முடிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாய்மாமன் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவோம் என்று உன் அம்மாவும் சொன்னாளாம். கரங்கானிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டாரும் அந்தப் பெண்ணைக் கேட்டு நடக்கிறார்கள். அதனால் இந்த வாரமே உன் பதில் போக வேண்டும். முறைப்பெண், நல்ல பெண், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் அப்பன் எப்பேர்ப்பட்டவன் என்று கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். படித்துப் பார், மனசு தானே திரும்பிவிடும்.

நானும் அவனும் ஒரே ரப்பர்த் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில் இருந்து பால் மரம் வெட்டினவர்கள்தான். நான் வெட்டினால் மரம் தானாகப் பால் கொடுக்கும், துரையே வந்து நின்று பார்ப்பார். இவன் வெட்டின மரம் அழும். அதனால்தான் வேலையை விட்டுவிட்டு, ஊர்த் தலைவர் பெங்குலு வீட்டு வாசலில் போய் நின்று, ஆற்றோரம் ஒருத்தரும் சீண்டாத சேற்று நிலத்தைக் கேட்டு வாங்கி வெண்டை, வெள்ளரி, கீரை என்று போட்டான். நான் சொல்லிக் கொடுத்துத்தான் போட்டான் என்று வைத்துக்கொள். அந்த மண் என்ன மண்ணோ, கொட்டினதெல்லாம் முளைத்தது. பாசார் சந்தைக்குக் கூடை கூடையாகப் போயிற்று. ஜில்லா துரை வீட்டம்மாவுக்கு இவன் வெண்டைக்காய் இல்லாமல் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது. போர்டில் நம் ஜனத்துக்கென்று இருந்த மெம்பர் ஊருக்கே திரும்பிக் கப்பலேறினதும், யாரைப் போடலாம் என்று ஜில்லா துரை யோசித்தாராம், அந்த நேரம் பார்த்து அம்மா தட்டில் வெண்டைக்காய் வைத்தாளாம். முடிந்தது. முதலில் என்னைத்தான் கேட்டார்கள், தெரியுமா? எனக்கு இடுப்பு வலி, ரொம்ப நேரம் நாற்காலியில் உட்கார முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மெம்பர் ஆனதும் ஐயா பவுசைப் பார்க்கணுமே! வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு. சடக்கு ரோடு முழுக்க சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து, ஆபீஸ் படியில் காலைக் கழுவி மாட்டிக்கொள்வான். வழியில் லயத்து ஆட்கள் "மெம்பரே, எங்க கிணத்தைக் கொஞ்சம் பாருங்க"ன்னு கும்பிடுறாங்க. என் வீட்டுச் சோற்றைத் தின்கிற உன் அத்தைகூட "மெம்பர் ஐயா வர்றாருங்க, சட்டையைப் போடுங்க" என்கிறாள். நான் எதுக்குடா சட்டை போடணும்? சட்டை இல்லாமலே ரெண்டு பேரும் வளர்ந்தவங்கதானே!

இப்போது கவனி, முக்கியமான இடம் வருகிறது. டவுனை ஒட்டின லயங்களில் இனி மாடு கட்டக் கூடாது, கொசு வருது, நாத்தம் வருது, எல்லாத்தையும் ஓட்டிவிடணும் என்று ஜில்லா துரை ஒரு சட்டம் கொண்டுவந்தார். லயம் முழுக்க அழுகை. மாடுதானே அங்கே பிள்ளைகளுக்குப் பால்! எங்கள் வீட்டு மாடும் அதில் அடக்கம், அத்தை ரெண்டு வேளை சாப்பிடவில்லை. கூட்டத்தன்று நான் உள்ளேயே இருந்தேன், துரை எனக்குத் தனி நாற்காலி போடச் சொன்னார். போர்டு குமாஸ்தா, யாழ்ப்பாணத்து அருளம்பலம் கிராணி சட்டத்தைப் படித்துவிட்டு, எதிர்க்கிறவர் கை தூக்கலாம் என்று சொல்லி, மெம்பர்கள் பேரை வரிசையாக வாசித்தார். நம் தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டில் கிராணி பேரைக் கூப்பிட்டால் கையைத் தூக்கி "ஐயா!" என்போமே, தூக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை என்று பயப்படுவோமே, அந்தப் பழக்கம் இவனை எங்கே விட்டது? "குழந்தைவேலு" என்று காதில் விழுந்ததும் கை விர்ரென்று மேலே போனது. "ஐயா!"

துரை திகைத்துவிட்டார். "என்ன, இந்த மனுஷன் எதிர்க்கிறானா?"

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஓம் துரை, உவர் மறுக்கிறார் போலத்தான் கிடக்குது" என்றார்.

இவனுக்குக் கையை இறக்கவும் பயம். அப்படியே நின்றான். அதைப் பார்த்து மற்ற மெம்பர்களும் இவன் என்னவோ பெரிய யோசனையில் நிற்கிறான் என்று நினைத்து ஒவ்வொருத்தராகக் கையைத் தூக்கிவிட்டார்கள். சட்டம் படுத்துவிட்டது. வெளியே வந்தால் மாலையாம், மேளமாம், தோளில் தூக்குகிறார்களாம்! உன் அத்தை திருஷ்டி சுற்றிப் போடுகிறாள், மாப்பிள்ளை! பெரட்டு நினைப்பில் கை தூக்கினவனுக்குத் திருஷ்டி! இப்பேர்ப்பட்ட ஆள் உனக்கு மாமனாரா? நாளைக்கு உன் கல்யாணத்தில் ஐயர் பேரைச் சொன்னாலும் "ஐயா!" என்று எழுந்து நிற்பான். நமக்கு மானம் முக்கியம். வேண்டாம் என்று எழுதிவிடு. கரங்கான்காரன் கட்டிக்கொள்ளட்டும்.

நீயும் என் தங்கையும் நோய் நொடியில்லாமல், நெற்றி நிறைய விபூதியும் வயிறு நிறையச் சோறுமாக இருக்க மனசார வாழ்த்தும்,

உன் தாய்மாமன்
கா. பழனியாண்டி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் உன் அத்தை உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்தேன். "அந்தப் பெரட்டு சமாச்சாரத்தை இப்பவே திருத்துறீங்களா, இல்ல நான் கிராணி ஐயாகிட்ட போய் வேற கடுதாசி எழுதச் சொல்லவா?" என்று உலை கொதிக்கிற பானையை இறக்கிவைத்துவிட்டு நிற்கிறாள். சரி. அந்தப் பெரட்டு விஷயம் மட்டும் நானாகக் கட்டினது. நான் உள்ளே இல்லை, ஜன்னலுக்கு வெளியே கும்பலோடு நின்றேன். பேர் வாசிப்பெல்லாம் முன்னாலேயே முடிந்துபோயிற்று. யார் எதிர்க்கிறது என்று துரை கேட்டபோதுதான் அவன் எழுந்து கையைத் தூக்கினான். "துவான், நான் காய்கறி விக்கிறவன், எனக்கு மாடு கிடையாது. லயத்துப் பிள்ளைங்களுக்கு மாடுதான் பால். நான் எதிர்க்கிறேன். கோவம்னா இந்த மெம்பர் வேலையைத் திரும்ப எடுத்துக்குங்க" என்றான். தூக்கின கையை இறக்கவே இல்லை. திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்கிறான், பாவி, எனக்கு யாரும் கொடுக்காத ஒன்றை! ராத்திரி தூக்கம் வருமா எனக்கு?

மாப்பிள்ளை, சரி என்று எழுதிவிடு. கரங்கான்காரன் முந்திக்கொள்ளப் போகிறான், தந்தி அடித்தாலும் நல்லது. ஒன்றே ஒன்று, கல்யாணப் படம் பிடிக்கும்போது தாய்மாமன் நான்தான் நடுவில் உட்காருவேன். அவன் பின்னால் நிற்கட்டும். அவனுக்கு மாலை மட்டும் போடாதீர்கள், போட்டால் எல்லாரும் அவனையே பார்ப்பார்கள்.