கவிழ்த்து வைத்த டிரம்

முதலில் மன்னித்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்தவள் நான். நாலு பேர் எதிரில் பேசச் சொன்னாலே கை புடவைத் தலைப்பைத் தேடும். கடைசியாகச் சொந்தமாக எழுதியது மகனுக்கு லீவு லெட்டர். (அதிலிருந்த காய்ச்சலும் சொந்தக் கற்பனைதான்.) ஆனால் இந்தக் கதையை என் வீட்டுக்காரர் கண், மூக்கு வைத்து ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அதற்கு நானே எழுதிவிடலாம்.

எங்கள் தீவில், குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வீட்டு வரிசைக்கு, மழை இல்லாத மாதங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. அதனால் குழாயைத் திறந்தே வைத்து, அடியில் டிரம்மை வைத்திருப்போம்.

இவருக்கு ரங்கத் என்ற ஊரில் ரோடு வேலை. வாரக் கடைசியில் பஸ்ஸில் வருவார். அன்று காலை போனில் சொன்னார்: "சோறுகூட வேணாம் புள்ள. உடம்பெல்லாம் மண்ணு. ரெண்டு வாளி தண்ணி மட்டும் எடுத்து வையி."

"ரெண்டு என்ன, டிரம்மே ரொம்பி இருக்கும், வாங்க" என்றேன். வாய்க்கொழுப்பு.

அன்றைக்குத்தான் மேடமும் வந்தார். கடல் தாண்டி, மெயின்லாண்டிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரியின் மனைவி. அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி, கண்ணை மூடி, அன்றாடம் கிடைக்கும் சின்னச் சந்தோஷங்களை நினைத்து நன்றி சொல்ல வைப்பார். வாரம் ஒரு வீடு. முடியாது என்று சொல்லத் தெரியாததால் அந்த வாரம் என் வீடு.

வீட்டைத் துடைத்தேன். மிச்சமிருந்த தண்ணீரில் டிரம்மையும் தேய்த்துக் கழுவி, காயட்டும் என்று குழாயடியிலேயே கவிழ்த்தேன். (வருகிறவர்கள் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தா நன்றி சொல்லப்போகிறார்கள்?)

"இன்னிக்கு உங்களுக்கு சந்தோஷம் தந்த ஒரு சின்ன விஷயத்தை நினைங்க" என்றார் மேடம். தமிழில் ஒருமுறை, ஹிந்தியில் ஒருமுறை. எனக்கு ஊறப்போட்ட உளுந்துதான் நினைவுக்கு வந்தது. இன்னும் அரைக்கவில்லை. பிறகு, பகலில் இப்படி உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று தோன்றியது. உட்கார்ந்ததற்கே நன்றி சொல்லலாம். சொல்லியிருப்பேன், தூக்கம் வந்துவிட்டது.

வெளியே டொம், டொம் என்று ஆரம்பித்துத் தடதடவென்று சத்தம்.

"மழை!" மேடம் உருகினார். "பாருங்க, கேக்காமலே வந்திருக்கு. அதுக்கும் நன்றி சொல்லுங்க."

கண்ணைத் திறந்தேன். தரையில் ஜன்னல் வெயில் பளீரென்று கிடந்தது. மேடத்தைத் தவிர எல்லோருடைய கண்ணும் திறந்துதான் இருந்தது. பக்கத்து வீட்டு வங்காளி தீதியின் ஒரு கால் வாசலைப் பார்த்து நீண்டிருந்தது. ஆனாலும் யாரும் எழவில்லை. எழவேண்டியவள் வீட்டுக்காரி. அவளோ, பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள்.

டிரம் முதுகில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இவருடைய ரெண்டு வாளி சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது.

"உங்க மனசுல என்ன வந்துச்சு, சொல்லுங்க" என்றார் மேடம் என்னிடம்.

"மேடம்... தண்ணி போகுதுங்க."

"அழகா சொன்னீங்க! வாழ்க்கையே அப்படித்தான், தண்ணி மாதிரிப் போயிட்டே இருக்கு" என்றவர், அதையும் ஹிந்தியில் சொல்ல ஆரம்பித்தார்.

தீதிக்குப் பொறுக்கவில்லை. "அரே, நல் கா பானி, மேடம்! குழாய்த் தண்ணி!" என்று குதித்தெழுந்தார். அவ்வளவுதான். யார் செருப்பை யார் போட்டார்கள் என்று தெரியாமல் எல்லோரும் அவரவர் குழாய்க்கு ஓடினார்கள். நான் ஓடிப்போய் டிரம்மைத் தூக்கி நிமிர்த்தினேன். குழாய் நூலாக ஒழுகி, புஸ்ஸென்று காற்று விட்டு நின்றது. திரும்பிப் பார்த்தால், கூடத்தில் மேடம் மட்டும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் இவர் வந்து நின்றார். புருவம்கூடச் செம்மண்.

"தண்ணி வரலியா?"

"வந்துச்சுங்க."

"எங்க?"

"நன்றி சொல்லிக்கிட்டு இருந்தோம்..."

இவர் டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சண்டை போடக்கூட அலுப்பு. அப்போது தீதி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் வீட்டுக்காரர் அன்று வீட்டிலேயே இருந்து பிடித்து வைத்தாராம். "லோ பாபி, இந்தா. அடுத்த தடவை டிரம் சீதா ரக்கோ, நேரா வையி" என்றார். அந்த ஒரு வாளிக்கு மட்டும் கண்ணைத் திறந்துகொண்டே நன்றி சொன்னேன்.

இன்றைக்கும் இவர் குளிக்கப் போகும்போது, "நன்றி சொல்லியாச்சா, இல்ல தண்ணி இருக்கா?" என்றுதான் கேட்பார். பாத்திரம் கழுவிக் கவிழ்த்தால் மகன், "மழை!" என்று கத்துவான்.

அன்றிரவே டிரம்மை நேராக வைத்தேன். மறுநாள் எங்கள் முறை இல்லை. தண்ணீர் வரவில்லை.