வாத்து முட்டையும் முகம் தெரியாத சொந்தங்களும்

அன்பு மச்சினனுக்கு,

அத்தான் வாயால் சொல்ல, போன் எழுதிக்கொள்ளும் கடிதம். இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். உன் உத்தியோகமும் இடுப்பு வலியும் எப்படி என்று அறிய ஆசை. இடுப்பு வலிக்கு என் பெரியப்பா ஒரு வைத்தியம் சொல்வார், ஆனால் அவருக்கே கடைசி வரை குணமாகவில்லை, அதனால் விட்டுவிடு.

நீ செய்து கொடுத்த குஞ்சு பொரிக்கும் பெட்டி விஷயம்தான். இந்தத் தடவை ஆசையாக வாத்து முட்டை வாங்கி வைத்தேன். உன் அக்கா முன்னாடி நின்று, "போன ஈடு மாதிரி இதுவும் கூமுட்டையாச்சுன்னா பெட்டி காயலான் கடைக்குப் போகும், சொல்லிட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். என் பழைய சைக்கிள் எங்கே என்று நினைக்கிறாய்?

பெட்டி முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருந்தது, திடீரென்று நின்றுவிட்டது. பொரிக்க மூணு நாள் இருக்கையில்தான் புரட்டல் நிற்கவேண்டும், இது கோழிக் கணக்கில் நின்றுவிட்டதப்பா! வாத்துக்கு இன்னும் ஒரு வாரம் ஆகுமே, அது அந்தப் புரோகிராமுக்குத் தெரியவில்லை. அதை ஊர் உலகத்து ஆட்கள் இன்டர்நெட்டில் கூடிக் காசு வாங்காமல் எழுதுகிறார்கள் என்றாய். கூடவே, "அங்க போய் எதுவும் கேட்டுடாதீங்க அத்தான், கடிச்சுக் குதறிடுவாங்க. நான் ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் அந்தப் பக்கமே போகல" என்றாய். எனக்கு வேறு கதி? கேட்டுவிட்டேன்.

போன்தான் மொழிபெயர்த்தது. பெரிய மனுஷர்களிடம் எடுத்த எடுப்பில் காரியம் பேசலாமா? எல்லார் குடும்பத்தையும் விசாரித்து, வாத்து முட்டை வாங்கப் போன வழியில் செருப்பு அறுந்ததில் ஆரம்பித்தேன். அனுப்பின கையோடு ஒருத்தன், "முதல் முறை வந்திருக்கிறீர்கள், நல்வரவு, நன்றி" என்றான். என்ன மரியாதை! அரை நாள் அவனிடம் க்ஷேமலாபம் விசாரித்தேன், பதிலே இல்லை. பிறகுதான் தெரிந்தது, அது ஆளே இல்லை, வருகிறவர்களுக்கெல்லாம் தானாக வணக்கம் போடும் யந்திரமாம்.

அடுத்து நரிப்படம் வைத்த ஒருத்தன் வந்தான். "செருப்புக் கதை எதுக்கு? எந்த வருஷத்து புரோகிராம், அதச் சொல்லுய்யா" என்று என் விண்ணப்பத்தையே மூடிவிட்டான். மச்சினன் சொன்னது சரிதான் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தொப்பி போட்ட படத்தோடு ஒரு அம்மா, மூடின விண்ணப்பத்தைத் திறந்துவிட்டு, "புதுசா வர்றவர்கிட்ட இப்படியா பேசுறது? அண்ணே, நீங்க சொல்லுங்க. எங்களுக்கு யாருக்கும் வாத்தப் பத்தித் தெரியாது" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததை ஒரு கூட்டமே கேட்க உட்கார்ந்திருக்கிறது, உன் அக்காகூட அப்படிக் கேட்டதில்லை!

அந்த அம்மா, "திருத்தத்த நீங்களே போடுங்க, நான் கூட இருக்கேன்" என்றார். கோழி என்று இருக்கிற இடத்துக்குக் கீழே வாத்து என்று ஒரு வரி, நாள் கணக்கு. அதுக்கு எத்தனை நொட்டை! அங்கே இடம் விடு, இங்கே புள்ளியை எடு. சம்பந்தி வீட்டுச் சீர்வரிசைப் பேச்சு தோற்றது. பொறுமையாகச் சரிபார்த்தவன் யார் தெரியுமா? அந்த நரிதான். "நல்லா வந்திருக்கு. அப்ப வெடுக்குன்னு பேசிட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றான். வரியைச் சேர்த்துவிட்டார்கள். புதுசை ஏற்றியதும் பெட்டி மறுபடி புரட்ட ஆரம்பித்தது. நேற்று எங்கோ கடல் தாண்டி ஒரு பெண், நின்றுபோன தன் வாத்து முட்டைப் பெட்டியும் இந்த வரியால் மறுபடி புரட்டுகிறதென்று படம் போட்டிருந்தாள்.

மச்சினா, பெட்டிக்குள் ஈரப்பதம் நிற்க நீ ஏதோ கண்டுபிடித்துப் பூட்டி வைத்திருக்கிறாயே, கொண்டுவந்து போடு. ஒருத்தன் குரைப்பான், பத்துப் பேர் பாய் விரிப்பார்கள். படிக்காதவனுக்கே இடம் இருக்கிறது, உனக்கென்ன கூச்சம்?

குறையில்லாமல் இரு, கையும் மூளையும் விளங்கட்டும்.

உன் அத்தான்.

பின்குறிப்பு: இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் சத்தம். வாத்துக்கு இன்னும் நாள் இருக்கே என்று திறந்தால், தட்டு ஆட ஆடவே பொரித்துக் கிடக்கின்றன. அத்தனையும் கோழிக்குஞ்சு! விற்றவன் கோழி முட்டையைத் தலையில் கட்டியிருக்கிறான். பெட்டி முதலில் நின்றதுதான் சரி. உன் அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள், காயலான் கடைப் பேச்சு போயே போச்சு. அந்தச் சபையில் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் ஈரப்பதச் சமாசாரத்தைப் போடப் போவாய் அல்லவா, அப்படியே இதையும் நீயே சொல்லிவிடு. தொப்பியம்மாவிடம் என் பேரைச் சொல், நரி குரைத்தால் பயப்படாதே.